வாடகை உயர்வுக்குத் தலையாட்டும் முன்: மதுரையில் குடியிருக்கும் குடும்பங்களுக்கு

"அடுத்த மாதத்திலிருந்து ஆயிரம் ரூபாய் கூட்டிக் கொடுங்கள்" என்று வீட்டுக்காரர் சொன்னதும் பெரும்பாலான குடும்பங்கள் தலையை ஆட்டிவிட்டு, அந்த ஆயிரத்தை அடுப்படியில் தேடுகின்றன. முனிச்சாலைப் பக்கம், ஐந்து குடித்தனங்களுக்கு ஒரே குழாய் இருந்த வளவில் வளர்ந்தவன் நான். வாடகை ஏறிய மாதம் எங்கள் வீட்டில் அரை லிட்டர் பால் கால் லிட்டராகும். அம்மா கடுங்காப்பிக்கு மாறிவிடுவார். அக்காவின் டியூஷன் நின்றுபோகும். வாடகையால்தான் இப்படி ஆனது என்று ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆகவே, சம்மதம் சொல்லும் முன் ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள்.

அந்த வாரத்தில் ஒரு நோட்டை எடுத்து, இந்த வீட்டில் இருப்பதற்காக மாதந்தோறும் கையைவிட்டுப் போகும் தொகை முழுவதையும் எழுதுங்கள். வாடகையோடு தண்ணீர், பராமரிப்பு, பேருந்து, பெட்ரோல், அட்வான்ஸுக்காக வாங்கிய கடனின் வட்டி ஆகிய அனைத்தும் அதில் வர வேண்டும். மின்கட்டணத்தைத் தனியாகக் கவனியுங்கள். வீட்டுக்கென்று தனி மின் இணைப்பு இருந்தால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால், 120 யூனிட் ஓடினாலும் கட்டணம் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். அதே 120 யூனிட்டுக்கு, வீட்டுக்காரர் தன் இணைப்பிலிருந்து சப்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்கும் வீட்டில் 1,080 ரூபாய் ஆகிறது. அதாவது மாதம் ஏறத்தாழ 500 ரூபாய் வாடகை என்ற பெயரில்லாமலே போகிறது. வாடகை 500 ரூபாய் கூடுதலாக இருந்தாலும், தனி மீட்டர் உள்ள வீடு அதற்கு ஏறக்குறைய ஈடாகிவிடும்.

ஊமச்சிகுளம், சிலைமான் என்று நகரை விட்டு விலகிப் போகலாமா என்ற கேள்விக்கும் இந்த நோட்டுதான் விடை தர வேண்டும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. ஆனால் ஆண்களுக்கும், இரவு எட்டு மணிக்குமேல் கடையடைத்துத் திரும்பும் பெண்ணின் ஷேர் ஆட்டோவுக்கும் செலவு உண்டு. பிள்ளை எட்டாம் வகுப்புக்குமேல் படித்தால் பள்ளியை மாற்றாமல் இருப்பதற்காக மாதம் சில நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுப்பது தவறில்லை என்பது என் கருத்து.

பேச்சுவார்த்தைக்குக் காலம் முக்கியம். ஆடியிலும் மார்கழியிலும் நம் ஊரில் வீடு மாறுவோர் குறைவு. ஆனிக் கடைசியில் காலியாகும் வீடு ஆவணி வரை பூட்டிக் கிடக்கும் என்பதை வீட்டுக்காரரும் அறிவார். "அண்ணே, பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும், அதுவரைக்கும் பழைய வாடகையே இருக்கட்டும், மே மாசத்திலிருந்து ஐந்நூறு கூட்டித் தர்றோம்" என்று தொகையையும் மாதத்தையும் சேர்த்துச் சொன்னால் பெரும்பாலும் இறங்கி வருவார்கள்.

சட்டமும் துணை நிற்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, ஒப்பந்தம் எழுத்தில் இருந்து வாடகை அதிகார அமைப்பில் பதிவாக வேண்டும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால், வாடகையை உயர்த்துவதற்கு மூன்று மாதங்களுக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும். வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தாலன்றி அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்குமேல் போகக் கூடாது. தகராறு இருந்தாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. உயர்வை மறுக்கும் காலத்தில் பழைய வாடகையை ஒரு மாதம்கூட நிறுத்தாதீர்கள். அந்த நிலுவையே உங்களை வெளியேற்றக் காரணமாகிவிடும். பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள், அல்லது ரசீது வாங்குங்கள்.

வாடகைத் தொல்லையே வேண்டாம் என்று, மொத்தமாக ஒரு தொகை கொடுத்து வாடகையில்லாமல் குடியிருக்கும் ஒத்திக்குப் போகும் குடும்பங்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். சொந்தச் சேமிப்பு இருந்தால் ஒத்தி நல்லதுதான். ஆனால் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் வட்டிக்கு ஐந்து லட்சம் வாங்கி ஒத்திக்குப் போனால் மாதம் 7,500 ரூபாய் வட்டி கட்ட வேண்டும். வாடகை என்ற சொல் மாறுகிறதே தவிர, பணம் போவது நிற்பதில்லை. அந்த வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்தால் முதலுக்கே ஆபத்து. பணம் கொடுக்கும் முன், அந்தச் சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். மூலப்பத்திரத்தை நேரில் காட்டச் சொல்லுங்கள், ஏனெனில் எல்லா அடமானமும் வில்லங்கச் சான்றில் தெரிந்துவிடாது. முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவதோடு நிற்காமல், ஒத்திப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துகொள்ளுங்கள்.

வீடு மாறுவதென்று முடிவானால், புது வீட்டுக்குச் சாமான் ஏற்றும் முன் சுவரிலுள்ள விரிசல், ஒழுகும் குழாய், மீட்டரின் எண் ஆகியவற்றைக் கைப்பேசியில் படமெடுத்து வீட்டுக்காரருக்கு அன்றே அனுப்பிவிடுங்கள். பழைய வீட்டிலும் சாவியைக் கொடுக்கும் நாளில் இதையே செய்து, வெள்ளையடிக்க எவ்வளவு பிடிக்கிறார்கள், மீதி அட்வான்ஸ் எந்தத் தேதியில் வரும் என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள்.