இறால் சேராது என்றால் மீனும் சேராதா? வளரிளம் பருவத்து உணவு ஒவ்வாமையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தங்கச்சிமடத்தில் பத்தாம் வகுப்புப் படிக்கும் மாணவி ஒருத்திக்கு, இறால் தொக்கு உண்ட அரை மணி நேரத்தில் உதடு வீங்கி உடம்பெங்கும் தடிப்பு எழுந்தது என்று வைத்துக்கொள்வோம். மறுநாளே வீட்டார் "இவளுக்குக் கவிச்சியே ஆகாது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். அன்று முதல் வீட்டில் எல்லாருக்கும் மீன் குழம்பு, அவளுக்கு மட்டும் ரசம். தொண்டி முதல் ராமேசுவரம் வரை மீன் இல்லாத அடுப்படி அரிதாக இருக்கும் இக்கரையில், அந்தத் தடை அவளை உணவிலிருந்து மட்டுமல்ல, உடன் அமர்ந்து உண்பவர்களிடமிருந்தும் பிரித்துவிடுகிறது. இது பெரும்பாலும் தேவையற்ற தடை என்பதால் இதையே முதல் தவறாகச் சொல்கிறேன்.

இறால், நண்டு, சிங்கி இறால் ஆகியவற்றில் ஒவ்வாமையைத் தூண்டும் முதன்மைப் புரதம் டிரோபோமயோசின். மீனில் அந்த வேலையைச் செய்வது பார்வால்புமின் என்னும் வேறொரு புரதம். ஆகவே இறால் சேராதவர்களுள் பலர் மீனைத் தொல்லையின்றி உண்ண முடியும். கணவாயிலும் சிப்பியிலும் டிரோபோமயோசினின் உறவுப் புரதம் இருப்பதால், அவற்றை மருத்துவரிடம் கேட்காமல் வீட்டில் சோதித்துப் பார்க்கக் கூடாது. எது ஆகாது என்பதோடு எது ஆகும் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்வதே மருத்துவரிடம் போவதன் பாதிப் பயன்.

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் போதிய ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால், அவற்றில் பாக்டீரியாக்களால் ஹிஸ்டமின் பெருகுகிறது. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. அந்த மீனை உண்டவருக்கு முகம் சிவந்து, தலை வலித்து, தடிப்பு எழும். பார்ப்பதற்கு அப்படியே ஒவ்வாமை போலத் தோன்றும். ஒரே சட்டிக் குழம்பை உண்ட பலருக்கும் ஒன்றாக வந்ததா, அதே மீனைப் புதிதாக வாங்கி உண்டபோது ஒன்றும் நேரவில்லையா என்பவற்றை மருத்துவரிடம் சொல்லாமல் விட்டால், கெட்டுப்போன ஒரு நாள் மீனுக்காகப் பிள்ளை ஆண்டுக்கணக்கில் மீனைத் துறக்க நேரும்.

கத்தரிக்காய், கருவாடு, இறால், நண்டு எல்லாவற்றையும் "கரப்பான் பண்டம்", அதாவது தோல் அரிப்பைக் கிளப்பும் உணவு, என்று ஒரே பட்டியலில் அடைக்கும் பழக்கமும், இரத்தப் பரிசோதனைத் தாளில் குறி விழுந்த உணவையெல்லாம் நிறுத்திவிடும் பழக்கமும் ஒரே தவறின் பழைய, புதிய வடிவங்கள். வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சிகளிலும் டிரோபோமயோசின் இருப்பதால், இறாலைத் தொல்லையின்றி உண்பவருக்கும் பரிசோதனை இறாலைச் சுட்டக்கூடும். உண்டபோது என்ன நேர்ந்தது என்ற வரலாறு இல்லாமல் அந்தத் தாளுக்குத் தனியே பொருளில்லை.

உறுதியான ஒவ்வாமை உள்ளவர்களிடத்தில் நிகழும் தவறு, தட்டில் இறால் தென்படவில்லை என்றதும் அச்சம் விடுவது. சென்னாக்கூனி என்பது சின்னஞ்சிறு இறால்தான்; பொடியாகித் துவையலில் கலந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. இறாலும் கணவாயும் பொரித்த எண்ணெயிலேயே மீனையும் பொரிப்பார்கள். இறால் கொதிக்கும் ஆவியே சிலருக்கு மூச்சிரைப்பைக் கிளப்பும். "கொஞ்சங்கொஞ்சமாகத் தின்றால் பழகிவிடும்" என்னும் பாட்டி வைத்தியத்தை இங்கே எடுக்கவே கூடாது.

உயிருக்கு ஆபத்தான தவறு ஒன்று உண்டு. மூச்சுத்திணறல், குரல் கம்முதல், தலைசுற்றல், அடுத்தடுத்து வாந்தி ஆகியவை தோன்றிய பின்பும் அவில் மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதுதான் அது. மாத்திரை அரிப்பைத் தணிக்கும். இறங்கும் இரத்த அழுத்தத்தையும் அடைபடும் மூச்சையும் மீட்காது. அதற்கு முதல் மருந்து, தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி. 108-ஐ அழைத்து, பிள்ளையைப் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறினால் உட்காரலாம், ஆனால் எழுந்து நடக்க விடக் கூடாது. தேறியதும் வீட்டுக்குக் கிளம்பிவிடக் கூடாது, அறிகுறிகள் சில மணி நேரம் கழித்துத் திரும்பி வரலாம். ஆஸ்துமாவும் இருந்தால் ஆபத்து மிகுதி. ராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடி ஏறத்தாழ 20 கிலோமீட்டர்; நண்பர்களோடு அங்கே போகும் பிள்ளையிடம், மருத்துவர் எழுதித் தந்த திட்டமும் மருந்தும் கையில் இருக்க வேண்டும், வீட்டு அலமாரியில் அல்ல.

நோயோடு வாழ்பவரின் அன்றாடம் எப்படிப் போகிறது என்பதை வாழ்க்கைத் தரம் என்பார்கள்; அச்சொல்லுக்குப் பொருள் இங்கேதான் விளங்குகிறது. உணவு ஒவ்வாமை உள்ள 13 முதல் 17 வயதினருக்கென்றே, அதை அளக்க ஆய்வாளர்கள் ஒரு வினாத்தாளை வகுத்திருக்கிறார்கள். அது அரிப்பையும் வீக்கத்தையும் எண்ணுவதில்லை. வெளியே உண்ணத் தயங்குகிறாயா, மற்றவர்களிடம் விளக்க வேண்டியிருப்பது எவ்வளவு தொல்லையாக இருக்கிறது என்ற வகையில் கேட்கிறது. பெற்றோரின் பெருந்தவறு, இவ்விளக்கத்தைப் பதினாறு வயதிலும் தாங்களே சொல்லிக்கொண்டிருப்பது. கீழக்கரை விருந்தில் பலர் சேர்ந்து உண்ணும் சகன் என்னும் பெரிய தட்டைச் சுற்றி அமரும்போது, "அவனுக்குத் தனியாக வையுங்கள், அவனுக்கு ஆகாது" என்று உம்மா பந்தி முழுதும் கேட்கச் சொன்னால், அடுத்த விருந்துக்கு அவன் வரமாட்டான். அல்லது வந்து, யாரிடமும் சொல்லாமல் உண்பான். இரண்டாவதுதான் அதிகம் அஞ்ச வேண்டியது. உணவு ஒவ்வாமையால் நேரும் மரணங்கள் இப்பருவத்தினரிடையே மிகுதி என்பதற்கு, இத்தகைய மறைப்பும் மருந்தை எடுத்துச் செல்லாமையும் காரணங்களாகக் கருதப்படுகின்றன.

ஆகவே பதின்மூன்று வயதுக்கு மேல் மருத்துவரிடம் பிள்ளையே பேசட்டும். பெற்றோர் விட்டதை மட்டும் சேர்க்கலாம். நெருங்கிய நண்பர்கள் இருவருக்கு 108-ஐயும் ஊசியையும் பற்றி அவனோ அவளோ நேரில் சொல்லி வைக்கட்டும். மீன் பொரிக்கும் கடையில் நின்று கூசாமல் கேட்கும் ஒரு கேள்வியை வீட்டிலேயே சொல்லிப் பார்க்கலாம்: "அண்ணே, எனக்கு இறால் சேராது. இந்த எண்ணெயில இறால், கணவாய் ஏதும் பொரிச்சீங்களா?"