டேட் மாடர்னுக்குப் போகுமுன் காலண்டரைப் பாருங்கள்

லண்டனுக்குப் போகும் நம்மவர்கள் பலரின் பட்டியலில் டேட் மாடர்ன் என்ற நவீனக் கலை அருங்காட்சியகமும் இருக்கும். தேம்ஸ் கரையில் இருக்கிறது, செயின்ட் பால்ஸ் தேவாலயத்திலிருந்து நடைபாலத்தைக் கடந்தால் போதும், உள்ளே நுழையக் காசும் இல்லை. சரி, ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று போய்விடுகிறார்கள். முதல் தவறு இதுதான். கோயிலுக்குப் போவதுபோல, மூலவர் எப்போதும் இருந்த இடத்திலேயே இருப்பார் என்ற நம்பிக்கை. இந்த அருங்காட்சியகத்தில் பாதிக்கு மேல் உற்சவர்கள்தான்.

மூலவர் என்று நினைத்தவரே வெளியூர் போன கதையும் உண்டு. அமெரிக்க ஓவியர் மார்க் ரோத்கோவின் ஒன்பது பெரிய சிவப்பு, கருஞ்சிவப்பு ஓவியங்கள் ஒரே அறையில் மங்கிய ஒளியில் தொங்கும். அந்த அறைக்காகவே லண்டன் வருகிறவர்கள் இருக்கிறார்கள். 2023 அக்டோபரிலிருந்து 2024 ஏப்ரல் வரை வந்திருந்தால் ஏமாந்திருப்பார்கள். ஒன்பதும் பாரிஸில் நடந்த ரோத்கோ கண்காட்சிக்குப் போயிருந்தன. ஒரு குறிப்பிட்ட படைப்பைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால், அது இப்போது சுவரில் இருக்கிறதா என்று அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்தது டர்பைன் ஹால். கட்டடம் முன்பு மின்நிலையமாக இருந்தது. 1981இல் மூடப்பட்டு, 2000இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. டர்பைன்கள் நின்ற கூடம் 35 மீட்டர் உயரம், 150 மீட்டருக்கு மேல் நீளம். ஆண்டுக்கு ஒரு கலைஞரிடம் இந்தக் கூடத்தை ஒப்படைக்கிறார்கள். வழக்கமாக அக்டோபரில் திறந்து, மார்ச் அல்லது ஏப்ரலோடு முடிந்துவிடும். நம் ஊர்ப் பள்ளி விடுமுறையோ ஏப்ரல் கடைசியில்தான் தொடங்குகிறது! மே மாதம் பிள்ளைகளோடு போய், புகைப்படத்தில் பார்த்த பிரம்மாண்டத்தைக் காணோமே என்று நிற்பவர்களைக் குறை சொல்ல முடியாது.

2003இல் ஓலாஃபர் எலியாசன் அங்கே ஒரு செயற்கைச் சூரியனை ஏற்றினார். கூரை முழுக்கக் கண்ணாடி; மக்கள் தரையில் மல்லாந்து படுத்துத் தங்கள் பிம்பத்தைப் பார்த்துக் கையாட்டினார்கள். 2004 மார்ச்சில் அந்தச் சூரியன் அஸ்தமித்தது. அதை இனி படத்தில்தான் பார்க்க முடியும்.

"திறந்தவுடன் கூட்டமாக இருக்கும், அப்புறம் போகலாம்" என்று தள்ளிப்போடுவதும் சில நேரம் கையைச் சுடும். 2010 அக்டோபரில் சீனக் கலைஞர் ஐ வெய்வெய், பீங்கானில் கையால் செய்யப்பட்ட பத்துக் கோடி சூரியகாந்தி விதைகளை இதே கூடத்தின் தரையில் பரப்பினார். அதன் மேல் நடக்கலாம், உட்காரலாம், அள்ளிப் பார்க்கலாம். சில நாட்கள்தான். பீங்கான் தூசி உடம்புக்கு ஆகாது என்று தெரிந்ததும் கயிறு கட்டிவிட்டார்கள். முதல் நாட்களில் போனவர்கள் நடந்தார்கள், மற்றவர்கள் ஓரத்தில் நின்று பார்த்தார்கள்.

கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்வது இதைவிட மோசம். 2014இல் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸின் காகித வெட்டுப் படைப்புகளைக் காண ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். கடைசி வார இறுதியில் இரவு முழுக்கத் திறந்து வைக்க வேண்டியிருந்தது. என்னைக் கேட்டால், திறந்து இரண்டாவது அல்லது மூன்றாவது வாரம், வார நாளில், காலையில் போவது நல்லது.

டிக்கெட் விஷயத்தில் குழப்பம் அதிகம். இலவசம் என்பது நிரந்தரத் தொகுப்புக்கும் டர்பைன் ஹாலுக்கும்தான். சிறப்புக் கண்காட்சிகளுக்குக் கட்டணம் உண்டு, நேரம் குறித்து முன்பதிவு செய்துகொள்வது நல்லது. ஜப்பானியக் கலைஞர் யாயோய் குசாமாவின் கண்ணாடி அறைகளுக்கு டிக்கெட் வெளியிட வெளியிடத் தீர்ந்துகொண்டே இருந்தது. லண்டனில் படிக்கும் பிள்ளைகள் கவனிக்க: 16 முதல் 25 வயதுக்காரர்களுக்கு டேட் கலெக்டிவ் என்ற இலவச உறுப்பினர் திட்டம் இருக்கிறது, அதில் சேர்ந்தால் ஐந்து பவுண்டுக்கே கண்காட்சி டிக்கெட் கிடைக்கும். இது தெரியாமல் முழுக் கட்டணம் கட்டுகிறவர்கள் நிறைய.

ஆங்கில ஓவியர் டர்னரின் ஓவியங்களைத் தேடி இங்கே வருவதும் நடக்கிறது. அவை லண்டனிலேயே மில்பேங்கில் உள்ள இன்னொரு டேட் அருங்காட்சியகமான டேட் பிரிட்டனில் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே படகு ஓடுகிறது, அதனால் பெரிய நஷ்டமில்லை. டிசம்பர் 24 முதல் 26 வரை விடுமுறை என்பதையும் நினைவில் வையுங்கள்.

தெரிந்த பெயருக்கு மட்டும் டிக்கெட் எடுப்பது என் கணக்கில் பெரிய தவறு. பிக்காஸோவை வேறு ஊரிலும் பார்க்கலாம். 2013இல் லெபனான் கலைஞர் சலூவா ரவ்தா சூக்கேருக்கு இங்கே கண்காட்சி நடந்தபோது அவருக்கு 96 வயது. அதில் இருந்த ஓர் ஓவியத்தில், முன்பு பெய்ரூட்டில் குண்டு வெடித்தபோது ஓட்டை விழுந்திருந்தது. கண்ணாடிச் சில்லு இன்னும் அதிலேயே குத்தியிருந்தது. 2016இல் பூபேன் கக்கரின் ஓவியங்கள் வந்தன. பரோடாவில் கணக்காளர் வேலை பார்த்துக்கொண்டே வரைந்த மனிதர். அவர் வரைந்த கடைக்காரர்களும் தையல்காரரும் நமக்கு அந்நியர்களே அல்ல.

எல்லாம் தவறிப்போய், காலியான டர்பைன் ஹாலில் நிற்க நேர்ந்தால் குனிந்து தரையைப் பாருங்கள். 2007இல் கொலம்பியக் கலைஞர் டோரிஸ் சால்செடோ அந்த கான்கிரீட் தரையில் 167 மீட்டருக்கு ஒரு விரிசலை உண்டாக்கினார். கண்காட்சி முடிந்ததும் பூசி மூடினார்கள். அந்தத் தழும்பு இன்னும் கூடத்தின் நெடுக ஓடுகிறது.