ஹாலுக்குள்ளேயே ஒரு விளையாட்டுப் பாதை

குழந்தை சோபாவிலிருந்து குதித்தால், நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி விழுந்தால் சேட்டை என்று அதட்டுகிறோம். ஆனால் வளரும் உடம்பு தனக்கு வேண்டியதைத் தானே தேடிக்கொள்கிறது. உள்காதில் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. தலை திரும்பும்போது அந்தத் திரவம் அசைந்து, எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று மூளைக்குச் சொல்கிறது. தசைகளும் மூட்டுகளும் கை கால் எங்கே இருக்கிறது என்று சொல்கின்றன. கண்ணை மூடிக்கொண்டே மூக்கைத் தொட முடிவது அதனால்தான். இந்த இரண்டு உணர்வுகளும் பழகப் பழகத்தான் தேறும்.

1 முதல் 4 வயதுக் குழந்தைகள் நாளுக்குக் குறைந்தது 180 நிமிடம் ஓடியாட வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். ஒரே மூச்சில் வேண்டாம், நாள் முழுக்கப் பிரித்துக்கொள்ளலாம். அதில் ஒரு பங்கை வீட்டு ஹாலிலேயே முடிக்க ஒரு வழி இது. இரண்டு முதல் ஐந்து வயது வரை ஏற்றது. பாய், தலையணைகள், பழைய போர்வை, சாக்பீஸ், துணிக்கூடை போதும். சாப்பிட்ட உடனே மட்டும் வேண்டாம்.

1. இடத்தை ஒழியுங்கள். டீப்பாயை ஓரங்கட்டுங்கள். சாக்ஸைக் கழற்றிவிடுங்கள், டைல்ஸில் வழுக்கும். வெறுங்காலுக்குத்தான் தரையின் பிடிமானம் தெரியும்.

2. கனத்தைத் தள்ளட்டும். கூடையில் மடித்த துணியோடு ஒரு கிலோ அரிசிப் பொட்டலத்தையும் வைத்து, "இதை அம்மாகிட்ட கொண்டுபோய்க் கொடு கண்ணா" என்று சொல்லிப் பாருங்கள். தள்ளும்போதும் இழுக்கும்போதும் தசைகளுக்கு நல்ல வேலை கிடைக்கிறது. துறுதுறுவென்று இருக்கும் பல குழந்தைகள் இதற்கப்புறம் கொஞ்சம் நிதானத்துக்கு வருவார்கள்.

3. கரடி நடை. தலையணைகளைக் குவித்து, கையும் காலும் ஊன்றி ஏறி இறங்கச் சொல்லுங்கள். உள்ளங்கையில் உடம்பின் பாரம் இறங்குவதால் தோளும் மணிக்கட்டும் உறுதியாகும். பின்னாளில் பென்சில் பிடிக்கவும் அந்த உறுதி வேண்டும்.

4. கோடும் பாண்டியும். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. சாக்பீஸால் ஒரு நீளக் கோடு போட்டுவிட்டுக் குழந்தையின் பாதத்தையே பாருங்கள். விரல்கள் தரையைக் கவ்வும், கணுக்கால் இப்படியும் அப்படியும் ஆடும், கைகள் தானாக விரியும். சின்னவர்கள் ஒரு காலைக் கோட்டிலும் மறு காலை வெளியிலும் வைப்பார்கள். அது போதும், திருத்த வேண்டாம். கோட்டின் முடிவில் பாண்டிக் கட்டம் வரையுங்கள். பெரும்பாலான குழந்தைகள் இரண்டரை வயதுவாக்கில் இரண்டு காலையும் ஒன்றாகத் தூக்கிக் குதிப்பார்கள். நொண்டியடிக்க ஏறக்குறைய நாலு வயதாகும். அதுவரை கட்டத்துக்குக் கட்டம் குதித்தாலே பாண்டிதான்.

5. தட்டாமாலை. இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு மெதுவாக நாலைந்து சுற்று. நின்று, அப்புறம் எதிர்ப்பக்கம். நின்ற பிறகும் உள்காதில் திரவம் சற்று நேரம் ஓடிக்கொண்டிருப்பதால்தான் அறையே சுற்றுகிறது. அது அடங்கும் வரை பிடித்துக்கொள்ளுங்கள். கையைப் பிடித்து அந்தரத்தில் தூக்கிச் சுற்றவே கூடாது. ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு முழங்கை மூட்டு எளிதில் விலகிவிடும். முகம் வெளுத்தால், வியர்த்தால் நிறுத்திவிடுங்கள். சுற்றவே பயப்படும் குழந்தையை வற்புறுத்தாதீர்கள். மடியில் வைத்து முன்னும் பின்னும் ஆட்டுவதில் ஆரம்பிக்கலாம்.

6. கொழுக்கட்டை. சுற்றி முடித்த குழந்தையை அப்படியே விட்டுவிடாதீர்கள். குப்புறப் படுக்கவைத்து, கழுத்துக்குக் கீழே போர்வையில் சுருட்டி, முதுகிலும் காலிலும் உள்ளங்கையால் மெல்ல அமுக்குங்கள். தலையும் முகமும் எப்போதும் வெளியே இருக்கட்டும். "போதும்" என்றதும் பிரித்துவிடுங்கள். இந்த இதமான அழுத்தம் நிறையக் குழந்தைகளை அமைதிப்படுத்துகிறது.

மொத்தமும் இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நாலைந்து நாள் பழகியதும் பாதையைக் குழந்தையே அமைக்கட்டும். தலையணையைக் கதவுக்குக் குறுக்கே போட்டாலும் நீங்களும் ஏறித்தான் போக வேண்டும்!

ஒன்றரை வயதாகியும் தனியாக நடக்காவிட்டால், ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததை விட்டுவிட்டால், ஒரு பக்கக் கையையோ காலையோ மட்டுமே பயன்படுத்தினால் "வளர வளரச் சரியாகிவிடும்" என்று காத்திருக்காமல் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள்.