மெய்நிகர் கணினிகளை எஸ்எஸ்டிக்கு மாற்றினேன்

ஒரே ஹார்டு டிஸ்க்கில் நாலைந்து மெய்நிகர் கணினிகள் (ஒரே கணினிக்குள் மென்பொருளாக ஓடும் தனித்தனிக் கணினிகள்). ஒன்று அப்டேட் ஆனால் போதும், மற்றவை உறைந்துவிடும். சிபியு சும்மா கிடக்க, டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் நேரம் (ஐஓ வெயிட்) மட்டும் எகிறியது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் (7,200 ஆர்பிஎம்) டிஸ்க் நொடிக்குச் சுமார் 100 சிதறிய வாசிப்புகளைத்தான் தாங்கும். தரவைப் படிக்கும் அதன் ஹெட் அங்கும் இங்கும் ஓடியே களைத்துவிடும்.

எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, இயங்குதளம் இருக்கும் க்யூகவ்2 கோப்புகளை (மெய்நிகர் கணினிகளுக்கு டிஸ்க்காக இருப்பவை) மட்டும் சுழலும் பாகம் இல்லாத சாட்டா எஸ்எஸ்டிக்கு நகர்த்தி, மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் லிப்விர்ட்டின் அமைப்பில் புதிய பாதையைக் கொடுத்தேன். பேக்கப், ஐஎஸ்ஓ (நிறுவல் கோப்புகள்) எல்லாம் பழைய டிஸ்க்கிலேயே. அவற்றுக்கு எதற்கு வேகம்?

அப்புறம், பலர் விட்டுவிடும் ஒன்று: மெய்நிகர் கணினிக்குள் அழித்த இடம் காலியானது எஸ்எஸ்டிக்குத் தானாகத் தெரியாது. அதைத் தெரிவிக்க, லிப்விர்ட்டின் டிஸ்க் அமைப்பில் டிஸ்கார்டை அன்மேப் என்று வைத்து, உள்ளே காலி இடத்தை அறிவிக்கும் எஃப்எஸ்ட்ரிம் கட்டளை வாராவாரம் ஓடும்படி செய்தேன். வீங்கியிருந்த கோப்புகளும் இளைத்தன. இப்போது எல்லாவற்றையும் ஒன்றாக பூட் செய்தாலும் திணறுவதில்லை.