அந்தமான் தேனிலவு: ஹேவ்லாக், நீல் தீவுகளில் தம்பதிகள் செய்யும் தவறுகள்

ஹேவ்லாக் தீவின் 5ஆம் எண் கடற்கரையில், கடலைப் பார்த்த அறை வேண்டும் என்று கூடுதல் பணம் கட்டி எடுத்திருப்பீர்கள். பகல் சாப்பாட்டை முடித்துவிட்டுத் திண்ணைக்கு வந்தால் எதிரே கடலைக் காணோம். தண்ணீர் நூறு, இருநூறு மீட்டர் பின்வாங்கிப் போயிருக்கும். கண்ணுக்கு எட்டிய வரை பாறை, பாசி, செத்த பவளத் துண்டுகள், நடுவில் ஒருக்களித்துச் சாய்ந்து கிடக்கும் படகுகள். விடுதிக்காரர் ஏமாற்றவில்லை. காலையில் அதே இடத்தில் இடுப்பளவு தண்ணீர் இருந்தது, இரவிலும் இருக்கும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போட்டுப் பழகிய கணக்கில் தீவுக்கும் திட்டம் போட்டால் இப்படித்தான் ஆகும்.

பெயர் விஷயத்தை முதலில் சொல்லிவிடலாம். 2018 டிசம்பரில் ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப் ஆனது, நீல் ஷஹீத் த்வீப் ஆனது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது. டிக்கெட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் ஊர் ஒன்றுதான். பேச்சில் இன்னும் பழைய பெயர்களே ஓடுவதால் இங்கேயும் அப்படியே எழுதுகிறோம்.

ஓதம் பார்க்காமல் அறை போடுவது

கடல் நீர் ஏறுவதும் வற்றுவதும்தான் ஓதம். அந்தமான் கடலில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒரு வற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் அந்த நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். இன்று காலை 11 மணிக்கு வற்றினால் நாளை 11.50, மறுநாள் 12.40. போர்ட் பிளேருக்கான ஓத அட்டவணை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஹேவ்லாக்குக்கும் நீலுக்கும் அதுவே போதும், வித்தியாசம் சில நிமிடங்கள்தான். விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே இதைத் திறந்து பாருங்கள்.

அட்டவணை கையில் இல்லையென்றால் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டி போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இரண்டு மூன்று நாள்கள் கடல் மிக அதிகமாக ஏறும், மிக அதிகமாக வற்றும். அஷ்டமி, நவமி வாக்கில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் குறைவு. நல்ல காரியத்துக்கு ஆகாது என்று ஒதுக்கும் அஷ்டமியும் நவமியும்தான் 5ஆம் எண் கடற்கரையில் குளிக்கத் தோதான நாள்கள்.

ஹேவ்லாக்கில் 3ஆம் எண், 5ஆம் எண் கடற்கரைகள் கிழக்குப் பக்கம் உள்ளவை. விடுதிகளில் பெரும்பாலானவை இங்கேதான். ஆழம் குறைவு, அடியில் பாறை. எனவே நீந்துவதற்கு ஏற்றம் வேண்டும். மேற்கே 7ஆம் எண் கடற்கரையான ராதாநகர் மணல் தரை, வற்றத்திலும் குளிக்கலாம். இறங்குதுறையிலிருந்து அங்கே சுமார் 12 கிலோமீட்டர். எப்போது வேண்டுமானாலும் கடலில் இறங்க வேண்டும் என்பவர்கள் ராதாநகர்ப் பக்கம் தங்க வேண்டும். ஆனால் அங்கே அறைகள் குறைவு, விலையும் அதிகம். கிழக்கில் தங்கி, குளிக்க மட்டும் ராதாநகர் போய்வருவதுதான் பெரும்பாலானவர்களுக்குக் கட்டுப்படியாகும்.

நீலில் கதை தலைகீழ். லட்சுமண்பூர் 2ஆம் கடற்கரையிலுள்ள இயற்கைப் பாறைப் பாலத்துக்கு வற்றத்தில் மட்டுமே போக முடியும். பாறைக் குழிகளில் சிறு மீன்கள், கடலட்டைகள், நட்சத்திர மீன்கள் தெரிவதும் அப்போதுதான். வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாக அங்கே இருங்கள். தண்ணீர் திரும்பத் தொடங்கியதும் கிளம்பிவிட வேண்டும். ரப்பர் செருப்பு அந்தப் பாசியில் வழுக்கும், பவள விளிம்பு காலைக் கிழிக்கும். பின்பக்கம் பட்டை வைத்த செருப்போ பழைய கேன்வாஸ் ஷூவோ தேவை. நீலில் ஒரே ஒரு பகல் மட்டும் வைத்துக்கொண்டு, அன்றைய வற்றம் விடியற்காலையிலும் மாலை இருட்டிலும் விழுந்தால், பாலத்தைப் பார்க்காமலேதான் திரும்ப வேண்டியிருக்கும்.

இன்னொன்று. இரவில் அலையில் நீல ஒளி மின்னுவதைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் பௌர்ணமியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நிலா வெளிச்சத்தில் அந்த ஒளி தெரியவே தெரியாது. ஹேவ்லாக்கில் இரவில் கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் போவதென்றால் அமாவாசையை ஒட்டிப் போங்கள்.

கடைசி இரவைத் தீவில் வைப்பது

எல்லாவற்றிலும் பணம் அதிகம் கரையும் தவறு இது. காலையில் ஹேவ்லாக்கில் கப்பல் ஏறினால் மதியம் விமானத்தைப் பிடித்துவிடலாம் என்று காகிதத்தில் கணக்கு சரியாகத்தான் வரும். காற்று பலமானால் துறைமுகத்தில் எச்சரிக்கை ஏற்றிக் கப்பல்களை நிறுத்திவிடுவார்கள். ஹேவ்லாக்கிலிருந்து விமானம் கிடையாது, சாலையும் கிடையாது. 2016 டிசம்பரில் புயல் சின்னம் உருவானபோது ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் மாட்டிக்கொண்டு, கடைசியில் கடற்படைக் கப்பல்கள் போய் அழைத்துவர வேண்டியிருந்தது. கப்பல் ரத்தானால் கப்பல் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தவறவிட்ட விமானத்தின் கட்டணம் கிடைக்காது. ஆகவே கடைசி இரவு போர்ட் பிளேரில்தான் என்று முடிவு செய்துவிட்டு மற்றவற்றைத் திட்டமிடுங்கள். நவம்பர், டிசம்பரில் வங்காள விரிகுடாவின் புயல் காலம் முடிந்திருக்காது. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் பொதுவாக அமைதியாக இருக்கும்.

போகும்போதும் இதே கவனம் வேண்டும். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரப் பயணம். இறங்கிய அன்றே கப்பல் ஏறுவதென்றால் இரண்டுக்கும் நடுவில் மூன்று மணி நேரமாவது விடுங்கள். மதியத்துக்கு மேல் இறங்கும் விமானமென்றால் அன்று போர்ட் பிளேரில் தங்குவதே சரி.

தனியார் கப்பல்கள் ஹேடோ துறையிலிருந்தும், அரசுக் கப்பல்கள் ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்தும் கிளம்புகின்றன. ஆட்டோக்காரரிடம் 'ஹேவ்லாக் கப்பல்' என்று மட்டும் சொல்லித் தவறான துறையில் போய் இறங்குபவர்கள் உண்டு. டிக்கெட்டில் துறையின் பெயர் இருக்கும், அதைக் காட்டுங்கள். அரசுக் கப்பலில் கட்டணம் மிகக் குறைவு, ஆனால் தீவுவாசிகளுக்கே முன்னுரிமை. தேதி முக்கியமென்றால் தனியார் கப்பல்தான் வழி. ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். டிசம்பர் கடைசிக்கும் ஜனவரிக்கும் பல வாரங்கள் முன்பே எடுத்துவிட வேண்டும்.

குமட்டல் வருபவர்கள் கீழ்த்தளத்தில் நடுப்பகுதிக்குப் பின்னால் உட்காருங்கள். கப்பலின் மூக்குப் பக்கம்தான் ஆட்டம் அதிகம். வெறும் வயிறும் வேண்டாம், பூரிக்கிழங்கும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். கடல்நோய் மாத்திரையைக் கப்பல் ஆடத் தொடங்கிய பின் விழுங்கிப் பயனில்லை. மருத்துவரிடம் கேட்டு, ஏறுவதற்கு ஒரு மணி நேரமாவது முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். அந்த மாத்திரைகளில் பல தூக்கம் தரும் என்பதால் அன்று ஸ்கூபா (காற்று உருளையோடு கடலுக்குள் மூழ்குவது) வேண்டாம்.

புது மனைவியின் பெயர்

தமிழ்க் குடும்பங்களுக்கே உரிய சிக்கல் இது. கல்யாண வேலை நடுவில் யாரோ டிக்கெட் போடுவார்கள். விமான இணையதளம் கடைசிப் பெயர் கேட்கும், மாப்பிள்ளை பெயரை அங்கே போட்டுவிடுவார்கள். பெண்ணின் ஆதாரிலோ அப்பாவின் தலைப்பெழுத்துதான் இருக்கும். விமான நிலைய வாசலில் டிக்கெட்டும் அட்டையும் ஒத்துப்போகாது. எந்த அட்டையைக் கையில் கொண்டுபோகிறீர்களோ அதில் உள்ள பெயரையே, எழுத்து மாறாமல், விமானம், கப்பல், விடுதி மூன்றிலும் போடுங்கள். தலைப்பெழுத்தை விரித்து எழுதியிருந்தால் விரித்தே எழுதுங்கள். டிக்கெட் எடுத்த பிறகு ஆதாரில் பெயர் மாற்றப் போகாதீர்கள், திரும்பி வந்து செய்துகொள்ளலாம். விடுதியில் இருவருடைய அட்டையும் கேட்பார்கள், கணவருடையது மட்டும் போதாது.

பகல் எப்போது முடியும் என்று தெரியாமல் இருப்பது

அந்தமான் சென்னைக்குக் கிழக்கே ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. கடிகாரம் மட்டும் இந்திய நேரம். அதனால் நவம்பரில் மாலை 5 மணிக்கே சூரியன் இறங்கிவிடும். கோடையிலும் 6 மணியைத் தாண்டாது. காலை ஐந்தரைக்குள் நன்றாக விடிந்துவிடும். ஒன்பது மணிக்கு எழுந்து, பத்தரைக்குக் காலைச் சாப்பாடு முடித்து, நாலரைக்கு ராதாநகர் கிளம்பினால் வாகனம் நிறுத்தி மணலில் கால் வைப்பதற்குள் சூரியன் மரத்துக்குப் பின்னால் போயிருக்கும். மூன்று மணிக்கே அங்கே இருங்கள். இருட்டியதும் உயிர்காப்பாளர்கள் விசில் ஊதி எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள். காலாபத்தர் கிழக்குக் கடற்கரை, விடியலுக்கானது. மாலையில் அங்கே போய் அஸ்தமனம் தேடுவது வீண்.

கடலுக்குள்: மீசை, மெட்டி, மோதிரம்

முதல்முறை ஸ்கூபா என்பது பயிற்றுநர் பிடித்துக்கொள்ள, அதிகபட்சம் 12 மீட்டர் ஆழம் வரை போவது. நீச்சல் தெரிய வேண்டியதில்லை. சளி இருந்தால் கட்டாயம் தள்ளிப்போடுங்கள். மூக்கு அடைத்திருந்தால் காதில் அழுத்தம் சமமாகாது, செவிப்பறை கிழியவும் கூடும். இறங்கத் தொடங்கியதுமே, வலிக்கும் வரை காத்திராமல், ஒவ்வொரு மீட்டருக்கும் மூக்கைப் பிடித்து மெதுவாக ஊத வேண்டும். வலித்தால் கொஞ்சம் மேலே ஏறிவந்து மறுபடி ஊதிவிட்டு இறங்க வேண்டும். ஆஸ்துமா, இதயக் கோளாறு, கர்ப்பம் இருந்தால் ஸ்கூபா கூடாது. கேட்கும் படிவத்தில் மறைத்து எழுதுவது உங்களுக்கே ஆபத்து.

அடர்ந்த மீசை வைத்தவர்களுக்கு முகமூடியின் கீழ் விளிம்பில் நீர் கசியும். மூக்குக்குக் கீழே மெலிதாக வாசலின் தடவினால் ஓரளவு நிற்கும், இரண்டு மில்லிமீட்டர் மழித்துவிட்டால் நன்றாகவே நிற்கும். மெட்டி துடுப்புக் காலணிக்குள் அழுந்திப் பத்து நிமிடத்தில் விரலைப் புண்ணாக்கும். கழற்ற முடியாதென்றால் மெல்லிய காலுறை போட்டு அதன்மேல் அணியுங்கள். தாலிச் சங்கிலி வெளியே தொங்கினால் காற்றுக் குழாய்களில் சிக்கும். கழுத்து வரை மூடும் நீச்சல் மேலாடைக்குள் விட்டுக்கொள்ளலாம். புது மஞ்சள் கயிறு உப்பு நீரில் சாயம் விடும், வெள்ளை மேலாடை வேண்டாம். நிச்சயதார்த்த மோதிரத்தை அறையிலேயே வையுங்கள். சன்ஸ்கிரீன் தடவிய ஈர விரலிலிருந்து அது எப்போது நழுவியது என்றுகூடத் தெரியாது.

ஸ்கூபா முடிந்து குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. உடலில் கரைந்த நைட்ரஜன் அழுத்தம் குறைந்த விமானத்தில் குமிழாகி மூட்டிலும் நரம்பிலும் வேலையைக் காட்டும். அதனால் ஸ்கூபாவை ஹேவ்லாக்கில் முதல் நாளோ இரண்டாம் நாளோ முடித்துவிட்டு, பிறகு நீல், கடைசியாக போர்ட் பிளேர் என்று வையுங்கள்.

மூச்சுக் குழலோடு நீர்மட்டத்தில் குப்புற மிதந்து ஸ்நார்கெல் செய்யும்போது முதுகும் முழங்கால் பின்புறமும் வெயிலில் வெந்துபோவது பலருக்கும் அன்று இரவு படுக்கும்போதுதான் தெரியும். தேனிலவில் யாரும் விரும்பும் நிலைமை அல்ல. முழுக்கை நீச்சல் மேலாடையும் நீளமான கால்சட்டையும் எந்தக் களிம்பையும் விட மேல்.

மணல் ஈ, முதலை

விடியலிலும் மாலையிலும் மணலில் நேரடியாகப் படுத்தால் மணல் ஈ கடிக்கும். கண்ணுக்கே சரியாகத் தெரியாத பூச்சி. கடித்த அன்று ஒன்றுமிருக்காது, மறுநாள் சிவந்து பல நாள் அரிக்கும். வீட்டிலிருந்து தேங்காய் எண்ணெய் கொண்டுபோய்க் கை கால்களில் கனமாகத் தடவுங்கள், பூச்சி அதில் ஒட்டிக்கொள்ளும். கீழே தடித்த விரிப்பு. சொறிந்தால் புண்ணாகும்.

முதலை என்றால் சிரிக்க வேண்டாம். இங்குள்ளவை உப்புநீர் முதலைகள், கடலிலும் நீந்தும். 2010இல் ராதாநகரை ஒட்டிய குடாவில் ஒரு வெளிநாட்டுப் பெண் முதலைக்குப் பலியானார். எச்சரிக்கைப் பலகை வைத்த ஓடை முகத்துவாரம், சதுப்புக் காட்டோரம், வலை கட்டிய எல்லைக்கு வெளியே: புகைப்படத்துக்காகக்கூட இறங்காதீர்கள். கூட்டமில்லாத இடம் தேடிப் போகும் ஜோடிகளுக்குத்தான் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பயணத் திட்டத்தில் பாராடாங்கைச் சேர்ப்பது

பாராடாங் சுண்ணாம்புக் குகைகளுள்ள இன்னொரு தீவு. ஐந்து இரவுப் பயணத்தில் இதை வெட்டிவிடுங்கள். விடியும் முன்பே எழுந்து ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று, வாகன அணியோடு ஜாரவா பழங்குடியினரின் காட்டு வழியே போய்த் திரும்புவதற்குள் ஒரு நாள் முழுதும் போய்விடும். அப்படியும் போகிறவர்கள் வண்டியை நிறுத்துவதோ, ஜாரவா மக்களைப் படமெடுப்பதோ, தின்பண்டம் கொடுப்பதோ 1956ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். வண்டிக்குள் கைப்பேசியைத் தூக்கிப் பிடிப்பதே வினையாகும்.

திருமண ஒளிப்பட ஆசையில் டிரோன் கொண்டுபோகிறவர்கள் நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், இல்லையேல் பறிமுதல்தான். இணையம் 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கம்பி வந்தபின் நன்றாகத் தேறியிருக்கிறது. ஆனாலும் மழை நாளில் யூபிஐ திணறும், நீலில் ஏடிஎம் நம்பிக்கையில் போகாதீர்கள். இரண்டு மூன்று நாள் செலவுக்கு ரொக்கம் போர்ட் பிளேரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தமிழ் பேசியே கடை கடையாக ஏறி இறங்கலாம். ஹேவ்லாக்கில் வங்காளமும் இந்தியும்தான் ஓடும்.

கிளம்பும் முந்தைய இரவு பையைக் கவிழ்த்து ஒருமுறை உதறிவிடுங்கள். கரையில் பொறுக்கிய செத்த பவளத் துண்டுகூட 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. விமான நிலைய எக்ஸ்ரேயில் அது பளிச்சென்று தெரியும். நினைவுப் பொருளாகச் சங்கு வேண்டுமென்றால் அரசு விற்பனையகத்தில் ரசீதோடு வாங்கி, ரசீதைப் பையின் மேலாகவே வைத்துக்கொள்ளுங்கள்.