பெருந்தொற்றுக் காலத்தில் விமானப் பயணம்: அரசுகள் திட்டமிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 மார்ச் 11 இரவு அமெரிக்க அதிபர் தொலைக்காட்சியில் பேசினார். ஐரோப்பாவிலிருந்து யாரும் வர முடியாது, 13-ஆம் தேதி நள்ளிரவிலிருந்து தடை என்றார். சொந்தக் குடிமக்களுக்கு அது பொருந்தாது என்பது பேச்சில் தெளிவாக வரவில்லை. கிடைத்த டிக்கெட்டை வாங்கிக்கொண்டு எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பினார்கள். அப்படி வந்தவர்கள் குறிப்பிட்ட சில விமான நிலையங்களில் மட்டும்தான் இறங்கலாம் என்பது அடுத்த உத்தரவு. மார்ச் 14 அன்று சிகாகோவின் ஓஹேர் விமான நிலையத்தில் மருத்துவச் சோதனைக்காகப் பயணிகள் மணிக்கணக்கில் தோளோடு தோள் உரச நின்றார்கள். நோயைத் தடுக்கப் போட்ட உத்தரவே, நோயோடு வந்தவரையும் நோயில்லாமல் வந்தவரையும் ஒரே கூடத்தில் அடைத்துவிட்டது.

அந்த உத்தரவு சரியா தப்பா என்று இன்றும் வாதாடலாம். ஆனால் வந்து இறங்கும் கூட்டத்தை எங்கே நிறுத்துவது, யார் சோதிப்பது, எத்தனை பேரைக் கொண்டு சோதிப்பது என்று எவரும் முன்கூட்டி உட்கார்ந்து கணக்குப் போடவில்லை என்பதில் வாதமே கிடையாது. விமானமும் நோயும் சந்திக்கும் இடத்தில் நடக்கும் குளறுபடிகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான்.

நோய் வந்த பிறகு திட்டம் எழுத உட்காருவது

நாடுகளுக்கு இது புதிய கடமை இல்லை. சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான 1944-இன் சிகாகோ ஒப்பந்தத்தில் 14-ஆவது பிரிவே விமானம் வழியாக நோய் பரவாமல் தடுப்பதைப் பற்றியதுதான். காலரா, டைபஸ், பெரியம்மை, மஞ்சள் காய்ச்சல், பிளேக் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். அதே ஒப்பந்தத்தின் 9-ஆவது இணைப்பு, தொற்றுநோய்க்காக ஒவ்வொரு நாடும் தேசிய விமானப் போக்குவரத்துத் திட்டம் ஒன்று வைத்திருக்க வேண்டும் என்கிறது.

ஆனால் நடைமுறை வேறு. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2015-இல் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டியது. தனித்தனி விமான நிலையங்களிடமும் விமான நிறுவனங்களிடமும் திட்டம் இருக்கிறது, அவற்றை இணைக்கும் தேசியத் திட்டம் இல்லை, போக்குவரத்துத் துறை அதை உருவாக்க வேண்டும் என்றது. 2020-இல் கொரோனா வந்தபோதும் அந்தத் திட்டம் வரவில்லை. காரணம் சோம்பல் மட்டும் இல்லை. இது சுகாதாரத் துறையின் வேலை என்று போக்குவரத்துத் துறையும், விமானம் எங்கள் பொறுப்பில் வராது என்று சுகாதாரத் துறையும் நினைத்தால் கோப்பு நடுவிலேயே கிடக்கும்.

நல்ல திட்டம் தடிமனான புத்தகமாக இருக்க வேண்டியதில்லை. சில நேரடிக் கேள்விகளுக்கு அதில் பதில் இருந்தால் போதும். நடுவானில் ஒரு பயணிக்குத் தொற்று இருக்கலாம் என்று விமானி கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்கிறார். அந்தத் தகவல் எந்த மருத்துவ அதிகாரியின் தொலைபேசிக்குப் போகும்? விமானம் எந்த இடத்தில் நிற்கும்? முதலில் உள்ளே ஏறுவது யார்? மற்ற பயணிகளை எவ்வளவு நேரம் உட்கார வைக்கலாம்? தனிமைப்படுத்தும் செலவு யாருடையது? இரவு இரண்டு மணிக்கும் இதே பதில்தானா? வருடத்துக்கு ஒரு முறை ஒத்திகை பார்த்தால் இந்தப் பதில்களில் பாதி காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஒத்திகையின் பயனே அதுதான்.

தடையையே திட்டம் என்று எண்ணுவது

2021 நவம்பர் 24 அன்று தென்னாப்பிரிக்கா கொரோனாவின் ஒரு புதிய திரிபைப் பற்றி உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவித்தது. இரண்டே நாளில் அதற்கு ஒமிக்ரான் என்று பெயர் வந்தது. ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதி நாடுகளிலிருந்து வரும் விமானங்களுக்குக் கதவுகளும் அடைபட்டன. பிறகுதான் தெரிந்தது, நெதர்லாந்தில் நவம்பர் 19-லும் 23-லும் எடுத்த மாதிரிகளிலேயே ஒமிக்ரான் இருந்தது. அதாவது எச்சரிக்கை வருவதற்கு முன்பே கிருமி ஐரோப்பாவுக்குள் வந்துவிட்டது. தகவலை ஒளிக்காமல் சொன்ன நாட்டுக்குத்தான் தண்டனை கிடைத்தது. அடுத்த முறை இன்னொரு நாடு சொல்வதற்கு முன் யோசிக்குமா, யோசிக்காதா?

தடையே கூடாது என்று சொல்ல வரவில்லை. சீக்கிரம் போட்டால் சில நாட்களோ வாரங்களோ கிடைக்கும். அந்த நேரத்தில் பரிசோதனை வசதியையும் மருத்துவமனைப் படுக்கைகளையும் தயார் செய்தால் அது உபயோகமான தடை. கதவை மூடிவிட்டோம், இனி கவலையில்லை என்று இருந்தால் அறிவிப்பு மட்டும்தான் மிச்சம்.

இன்னொன்றும் எளிதில் மறந்துபோகிறது. சாதாரண காலத்தில் உலக விமானச் சரக்கில் ஏறக்குறைய பாதி, பயணிகள் விமானத்தின் வயிற்றுப் பகுதியில்தான் போகிறது. பயணிகள் சேவையை நிறுத்தினால் மருந்து, பரிசோதனைப் பொருட்கள், உதிரி பாகங்கள் எல்லாம் சேர்ந்தே நிற்கும். ஒமிக்ரான் நேரத்தில் தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள் ஆய்வக ரசாயனங்கள் வந்து சேருமா என்றே கவலைப்பட வேண்டியிருந்தது. 2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது பல நிறுவனங்கள் சேவையை நிறுத்திவிட்டன. பிரஸ்ஸல்ஸ் ஏர்லைன்ஸ், ராயல் ஏர் மரோக் போன்ற மிகச் சிலவே தொடர்ந்து பறந்தன. மருத்துவப் பணியாளர்கள் அங்கே போய்ச் சேர்வதற்கு அந்த விமானங்களை நம்பித்தான் இருந்தார்கள். ஆகவே எந்த வழித்தடம் எது நடந்தாலும் திறந்திருக்கும் என்பதை முன்பே முடிவு செய்து வைப்பது தடைப் பட்டியலைவிட முக்கியம்.

காய்ச்சல் பார்க்கும் கருவியை நம்புவது

2003-இல் சார்ஸ் வந்தபோது கனடா தன் விமான நிலையங்களில் சுமார் 65 லட்சம் பயணிகளைச் சோதித்தது. அந்தச் சோதனையில் ஒரு சார்ஸ் நோயாளிகூடச் சிக்கவில்லை. எபோலா உடலுக்குள் புகுந்து அறிகுறி தெரிய 2 முதல் 21 நாட்கள் ஆகும். 2014 செப்டம்பரில் லைபீரியாவிலிருந்து டல்லாஸ் போன ஒருவருக்குப் புறப்படும்போது காய்ச்சலே இல்லை. சில நாட்கள் கழித்துத்தான் நோய் தெரிந்தது. கருவி பழுதாகி இருந்ததால் நடந்தது இல்லை இது. இல்லாத காய்ச்சலை எந்தக் கருவியும் காட்டாது.

இருந்தாலும் ஒவ்வொரு முறையும் இந்தக் கருவிகள்தான் முதலில் வருகின்றன. கேமராவில் நன்றாகத் தெரிவதும் அவற்றின் ஒரு கவர்ச்சியாக இருக்கலாம். அதே பணத்தில் வந்திறங்கியவர்களுக்கு அடுத்த இரண்டு வாரம் தினமும் குறுஞ்செய்தி அனுப்பி உடல்நிலை விசாரிக்கலாம்.

பறக்கும்போது உள்ள காற்றை மட்டும் பார்ப்பது

விமானத்துக்குள் காற்று மோசம் என்று பலர் நம்புகிறார்கள். பறந்துகொண்டிருக்கும் நவீன ஜெட் விமானத்தில் ஒரு மணி நேரத்தில் 20 முதல் 30 முறை காற்று மாறுகிறது. சுழற்சியில் திரும்பி வரும் காற்று மிக நுண்ணிய துகள்களையும் பிடிக்கும் ஹெபா வடிகட்டி வழியாகத்தான் வரும். பல அலுவலகக் கட்டடங்களில் இந்த வசதி கிடையாது. இதை வைத்துக்கொண்டு விமானப் பயணம் பாதுகாப்பானது என்று சொல்லும் விளம்பரங்களும் நிறைய வந்தன. அவை தரையை மறந்துவிட்டன.

1977-இல் அலாஸ்காவில் 54 பேருடன் புறப்பட இருந்த ஒரு ஜெட் விமானத்தில் எஞ்சின் கோளாறு. மூன்று மணி நேரம் தரையிலேயே நின்றது, காற்றோட்டம் ஓடவில்லை. பெரும்பாலான பயணிகள் உள்ளேயே இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு இன்ஃப்ளுயன்சா. மூன்று நாட்களுக்குள் பயணிகளில் 72 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டது. உள்ளே எவ்வளவு நேரம் இருந்தார்களோ அதற்கேற்ப ஆபத்தும் கூடியது. 2020 செப்டம்பரில் துபாயிலிருந்து ஆக்லாந்து போன ஒரு நீண்ட பயணத்தில் ஏழு பேருக்குக் கொரோனா உறுதியானது. அவர்களில் ஐந்து பேர் கிளம்பும் முன் எடுத்த பரிசோதனையில் நெகட்டிவ். அந்த விமானம் எரிபொருளுக்காகக் கோலாலம்பூரில் நின்றபோது, காற்றோட்டத்துக்கு மின்சாரம் தரும் துணை எஞ்சின் சுமார் அரை மணி நேரம் நிறுத்தப்பட்டிருந்தது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விதி எதைப் பற்றி இருக்க வேண்டும் என்று தெரியும். பயணிகள் உள்ளே இருக்கும்வரை, விமானம் நின்றாலும் காற்றோட்டம் ஓட வேண்டும். எரிபொருள் மிச்சம் என்று அதை அணைக்க அனுமதி கூடாது. தாமதம் இவ்வளவு நேரத்தைத் தாண்டினால் பயணிகளை இறக்கிவிட வேண்டும் என்று வரம்பு வேண்டும். ஏறும் வரிசை, விமானம்வரை கொண்டுபோகும் பேருந்து, குடியேற்றச் சோதனைக் கூடம், பெட்டி எடுக்கும் இடம் எல்லாம் இந்தக் கணக்கில் வர வேண்டும்.

வானத்திலும் முழு நிம்மதி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச் 1 அன்று லண்டனிலிருந்து ஹனோய் சென்ற விமானத்தில், அறிகுறியோடு ஏறிய ஒரு பயணியின் பிசினஸ் வகுப்பிலேயே 12 பேருக்குத் தொற்று வந்தது. அப்போது முகக்கவசம் கட்டாயம் இல்லை. வடிகட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பக்கத்து இருக்கைக்காரரின் மூச்சு அதற்குள் போய்வந்த பிறகுதான் நம்மிடம் வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

விதியை அரசு போட, சண்டையைப் பணிப்பெண் போடுவது

அமெரிக்காவில் 2020-இல் முகக்கவசம் விமான நிறுவனங்களின் சொந்த விதியாகவே இருந்தது. மத்திய அரசின் கட்டாயம் 2021 பிப்ரவரியில்தான் வந்தது. அந்த ஆண்டு விமானத்தில் ஒழுங்கீனம் பற்றிப் பதிவான புகார்கள் 5,981. அதில் 4,290 முகக்கவசத் தகராறு. விதி போட்டால் மட்டும் போதாது. மீறுபவரை யார் பிடிப்பார், அபராதம் யார் விதிப்பார், இறங்கியவுடன் காவல்துறை நிற்குமா என்பதையும் அதே நாளில் சொல்ல வேண்டும்.

நின்றுபோன விமானத்தையும் வீட்டிலிருந்த விமானியையும் மறப்பது

இந்தத் தவறுதான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பயமூட்டுவது. உலகம் முழுக்க 2019-இல் சுமார் 450 கோடிப் பேர் பறந்தார்கள். 2020-இல் அது 180 கோடியாகச் சரிந்தது. ஆயிரக்கணக்கான விமானங்கள் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றன. கிருமியிலேயே எல்லோருடைய கண்ணும் இருக்க, விமானத்துக்குள் வேறு ஆபத்துகள் வளர்ந்தன.

2020 ஜூலையில் அமெரிக்க விமானத் துறை போயிங் 737-இன் பழைய வகைகளுக்கு அவசர உத்தரவு போட்டது. ஏழு நாள் நின்றாலே எஞ்சினின் ஒரு வால்வில் துரு பிடித்து அது திறந்தபடி சிக்கிக்கொள்ளலாம், இரண்டு எஞ்சின்களும் சக்தி இழக்கும் ஆபத்து உண்டு என்றது. அதற்கு முன்பே நான்கு விமானங்களில் ஒரு எஞ்சின் நின்றுபோயிருந்தது. அடுத்த மாதம் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு எச்சரித்தது. நீண்ட நாள் கழித்துப் பறக்கும் விமானங்களில் வேகமும் உயரமும் தப்பாகக் காட்டும் சம்பவங்கள் கவலைப்படும் அளவுக்குக் கூடியிருந்தன. வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்க்குள் பூச்சிகள் கூடு கட்டுவது போன்ற அடைப்புகளே அதற்குக் காரணம்.

மனிதர்கள் விஷயமும் இப்படித்தான். பயணிகளை ஏற்றிச் செல்ல ஒரு விமானி கடைசி 90 நாட்களில் குறைந்தது மூன்று முறை விமானத்தை ஏற்றி இறக்கியிருக்க வேண்டும் என்பது பரவலான விதி. கொரோனா காலத்தில் பறக்கவே வேலையில்லை, தரையிலேயே விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டர் மையங்களும் மூடல். நாடுகள் அவசரமாகக் கால நீட்டிப்பு கொடுத்தன. கொடுக்க வேண்டிய கட்டாயம் புரிகிறது. ஆனால் சலுகைக்குப் பின்னால் ஈடுசெய்யும் ஏற்பாடு இருக்க வேண்டும். நீண்ட இடைவெளி விழுந்த விமானியை அண்மையில் பறந்த ஒருவரோடு சேர்த்து அனுப்புவது, முதல் சில பயணங்களுக்கு எளிய வானிலையும் பழகிய ஓடுதளமும் தருவது, சிமுலேட்டர் மையங்களை அத்தியாவசியப் பட்டியலில் சேர்ப்பது ஆகியவை முன்பே எழுதி வைக்கக்கூடியவை. பராமரிப்புப் பொறியாளர்களையும் ஊரடங்கிலிருந்து விலக்க வேண்டும். நிற்கும் விமானத்துக்குத்தான் கவனிப்பு அதிகம் தேவை.

யார் எங்கே உட்கார்ந்தார் என்று தெரியாமல் இருப்பது

ஒரு நோயாளியைக் கண்டுபிடித்ததும் அவருக்குப் பக்கத்து வரிசைகளில் இருந்தவர்களைத் தேட வேண்டும். அதற்குத் தொலைபேசி எண் வேண்டும். கிறுக்கல் எழுத்தில் நிரப்பிய காகிதப் படிவங்கள் பெட்டியில் கிடந்தால் தேடுவதற்குள் அடுத்தவருக்கும் பரவியிருக்கும். விமான நிறுவனங்கள் இந்த விவரத்தைச் சேகரிக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 2020 பிப்ரவரியிலேயே விதி வந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் பயணிகள் எல்லோருக்கும் அது நடைமுறைக்கு வந்தது 2021 நவம்பரில். முகவர் மூலம் வாங்கிய டிக்கெட்டில் பயணியின் எண்ணுக்குப் பதில் முகவரின் எண் இருப்பது சாதாரணம் என்பதுகூடப் பலருக்கு அப்போதுதான் உறைத்தது.

கொரோனா பரிசோதனைச் சான்றிதழும் அப்படித்தான். கிளம்புவதற்கு எத்தனை மணி நேரத்துக்குள் பரிசோதனை எடுத்திருக்க வேண்டும் என்பதில் ஒரு நாடு 48 மணி நேரம் என்றது, இன்னொன்று 72 என்றது. தாளில் அச்சடித்த முடிவைப் போலியாகச் செய்வது கஷ்டமே இல்லை. 2021 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரே வடிவ மின்னணுச் சான்றிதழைக் கொண்டுவந்த பிறகு அங்கே சிக்கல் நிறையக் குறைந்தது. பொது வடிவத்தை அமைதியான காலத்தில் ஒத்துக்கொள்வதே சுலபம். ஒரு விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும்: சேகரித்த விவரத்தை எத்தனை நாளில் அழிப்போம் என்று படிவத்திலேயே போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் மக்கள் பொய்யான எண்ணைத்தான் தருவார்கள்.

முடிக்கும் தேதி இல்லாமல் தொடங்குவது

2005-இன் சர்வதேச சுகாதார விதிமுறைகளில் 43-ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையைத் தாண்டி ஒரு நாடு சர்வதேசப் போக்குவரத்தைப் பெரிதாகத் தடுத்தால், நடைமுறைப்படுத்திய 48 மணி நேரத்துக்குள் காரணத்தோடு தெரிவிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் அந்த நடவடிக்கையை மறுபரிசீலனை செய்ய வேண்டும். இதைத் தங்கள் சொந்த உத்தரவுக்குள்ளேயே எழுதிவைக்கும் அரசுகள் குறைவு. கட்டுப்பாட்டைப் போட ஒரே கையெழுத்து போதும். எடுப்பதற்குத்தான் யாருக்கும் தைரியம் வருவதில்லை. எடுத்த மறுநாள் நோய் கூடினால் பழி தன் தலையில் விழும் என்ற பயம்.

எச்ஐவி இருப்பவர்கள் நாட்டுக்குள் வரக் கூடாது என்று அமெரிக்கா 1987-இல் விதித்த தடையைப் பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் பரவாத நோய் என்பது அன்றைக்கே தெரியும். அந்தத் தடை நீங்கியது 2010 ஜனவரியில்.