கடுகுப் புண்ணாக்கு வாங்கும்போது ஒரு கைப்பிடிச் சோதனை

கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கத்தில் கறவை மாடு வளர்ப்போருக்குத் தேங்காய்ப் புண்ணாக்கும் கடலைப் புண்ணாக்கும் பழகியவை. கடுகுப் புண்ணாக்கு சற்றுப் புதியது. எண்ணெய் நீக்கிய கடுகுப் புண்ணாக்கில் நூற்றுக்கு ஏறத்தாழ 35 முதல் 38 பங்கு புரதம் உண்டு. தேங்காய்ப் புண்ணாக்கில் இருப்பதோ 20 பங்கை ஒட்டியே. புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களில், சோயாப் புண்ணாக்கை விடக் கடுகுப் புண்ணாக்கில் மெத்தியோனின் கூடுதலாகவும் லைசின் சற்றுக் குறைவாகவும் இருப்பதால், ஒன்றை மட்டும் நம்பாமல் இரண்டையும் கலந்து கொடுப்பதே என் வழக்கம்.

சிக்கல் அதன் காரத்தில் இருக்கிறது. நம் நாட்டுக் கடுகில் குளுக்கோசினோலேட் என்னும் கந்தகச் சேர்மம் மிகுதி; அது சிதையும்போது காரநெடி எழுந்து மாடு தீவனத்தை ஒதுக்குவதோடு, அளவு மீறினால் தைராய்டும் பாதிக்கப்படும். செக்கில் ஆட்டிய புண்ணாக்கு என்றால், ஒரு கைப்பிடியைத் தூளாக்கி, வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் மூடி வைத்து முகர்ந்து பாருங்கள். கண்ணில் நீர் வருமளவு நெடி அடித்தால் அந்த மூட்டையைத் தவிர்ப்பது நல்லது. கடலைப் புண்ணாக்கைப் போல இதை இரவே ஊற வைக்கும் பழக்கம் வேண்டாம். ஈரம் பட்டால்தான் காரம் வெளிப்படும். உலர்ந்த தூளாகவே, கலப்புத் தீவனத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கில் தொடங்கிப் பத்து வரை படிப்படியாக உயர்த்தி, தாது உப்புக் கலவையையும் சேர்த்துக் கொடுக்கலாம். கன்றுகளுக்கும் சினை மாடுகளுக்கும் நான் கொடுப்பதில்லை. பழுப்பு முட்டையிடும் கோழிகளுக்குக் கொடுத்தால் முட்டையில் மீன் வாடை வீசக்கூடும்.

குளுக்கோசினோலேட்டைக் குறைத்து 1970களில் கனடாவில் உருவாக்கப்பட்ட, கடுகு இனத்தைச் சேர்ந்த கனோலா வகையின் புண்ணாக்கில் இத்தொல்லை மிகக் குறைவு. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் இத்தகைய விதைகளிலிருந்து பிரித்தெடுத்த புரதத்தை மனித உணவுக்கே அனுமதித்தது. ஆனால் நம் சந்தையில் மூட்டையாகக் கிடைக்கும் புண்ணாக்கு அதுவன்று.